சொன்னால் பலிக்காத மருந்து

பெரிய பேரன் ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சின்னவன் போலீஸ் செலக்‌ஷன் பாஸ். பேத்தி வித்யா சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் நர்ஸ்... இந்த மாதம் சீனியர் என்று பேட்ஜ் மாற்றியிருக்கிறார்கள்.

இதை நம் எஸ்டேட் குரூப்பில் போடத்தான் காலையில் போனைக் கையில் எடுத்தேன். வித்யாவே கூப்பிட்டாள்.

"அம்மாயி... தங்கமணி ஆயா போயிட்டாங்க."

இந்த மூன்று பேரையும் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். நாங்கள் காப்பிப் பழம் பறிக்கப் போனால் தங்கமணிதான் அவர்களுக்கு எல்லாம்.

வித்யா சின்னதில் கடிப்பாள். சாயங்காலம் நான் போய் நின்றால் தங்கமணி கையை நீட்டுவாள். "ஏனுங்க்கா, ஊட்ல பேத்தி வளக்கறீங்களா, நாய் வளக்கறீங்களா? ஊசி போட்டுக்கோணுமான்னு இப்பவே சொல்லிப்போடுங்க."

இந்த வருஷம் மழை விட்ட பிறகு அவளுக்குக் காமாலை வந்தது. டவுன் டாக்டர் ரெஸ்ட் எடு, எண்ணெய் தொடாதே, அடுத்த வாரம் ரத்தம் பார்க்கலாம் என்றார்.

அவளுக்குப் பொறுமை இல்லை. பக்கத்து ஊட்டு செல்வியைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்தில் பச்சிலை கொடுக்கிற ஒருவரிடம் போய் வந்தாள்.

அந்த மருந்துக்கு ஒரு கட்டு உண்டு. குடித்தவரும், கூடப் போனவரும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. எங்களுக்குத் தெரியவே தெரியாது...

நாள் போகப்போகப் பேச்சு ஒரு மாதிரி ஆனது. டீயில் உப்பைப் போட்டாள். மகன் பிரபுவை அவன் அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிரபு ஜீப்பில் படுக்க வைத்து மலை இறக்கினான். வித்யா வேலை செய்கிற ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு கையையும் நீட்டுங்கம்மா, பஸ்ஸை நிறுத்தற மாதிரி."

"எந்த பஸ்ஸுங்க சாமி? மாரமங்கலம் பஸ்ஸுன்னா அவன் நிக்கவே மாட்டான்."

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை நிற்கவில்லை... தொங்கித் தொங்கி எழுந்தது, இறக்கை அடிக்கிற மாதிரி.

வெளியே கூப்பிட்டுச் சொன்னார். ஈரல் வேலை செய்யவில்லை. ரத்தத்தில் இருக்கிற விஷம் மூளைக்கு ஏறுகிறது. வேறு ஈரல் வைக்க வேண்டி வரலாம்.

"மாத்தலேன்னா பொழைக்க மாட்டாங்கங்கற அளவுக்கு நோவு இருக்கணும். ஆபரேஷனைத் தாங்கற அளவுக்கு உடம்புல தெம்பும் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா இருக்கறது கொஞ்ச நேரந்தாங்க. என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா, தானா தேறுமா தேறாதான்னு ஓரளவு சொல்ல முடியும்."

தங்கமணியைக் கேட்டார்கள். "ரசஞ்சோறுதானுங்க சாமி. வேற ஒண்ணுமில்ல."

வித்யா செல்விக்குப் போன் போட்டுக் கேட்டாள். "கீழாநெல்லி கூடக் குடிக்கல கண்ணு."

பிரபு தன் ஈரலில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் தாய்மாமன் அந்த நேரத்திலும், "உன்ற ஈரல வெச்சா உங்கம்மா பொழுதானா கடை வாசல்ல நிப்பாளேடா" என்றார். "நான் குடிக்கறதில்லீங்க மாமா, உங்கள எடுத்தாத்தான் அந்தக் கதி" என்றான் பையன். அவனுக்கு ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள்.

மறுநாள் செல்வியே கூப்பிட்டாள். ஒரே அழுகை. "சொன்னா அவளுக்கு மருந்து எறங்காதுன்னுதான் கண்ணு வாயைக் கட்டிட்டு இருந்தேன்... நொம்ப கசப்பு, சொம்பு நெறையக் குடிச்சா. எனக்கும் காமாலை வராம இருக்கட்டும்னு நானும் ஒரு டம்ளர் குடிச்சேன்." அதோடு கட் பண்ணிவிட்டாள்.

அதற்குள் தங்கமணி கண் திறப்பதை நிறுத்திவிட்டாள். மூளையில் வீக்கம். நெஞ்சில் சளி கட்டிக் கிருமி. மருந்து ஏற்றியும் பிரஷர் நிற்கவில்லை.

டாக்டர்கள் எல்லாரும் ஒரு ரூமில் உட்கார்ந்து பேசினார்கள். கதவு திறந்து டாக்டரம்மா வந்தபோதே வித்யா தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த நிலைமையில ஆபரேஷன் பண்ணினா, மேசையிலேயே போயிருவாங்க."

பிரபு ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நின்றான். "என்னுது ஒத்துப்போச்சுன்னு சொன்னீங்களேங்க..."



இன்று காலை வித்யா பக்கத்தில் இருக்கும்போது மூச்சு நின்றிருக்கிறது. சாயங்காலம் மலைக்குக் கொண்டு வருகிறார்கள். எஸ்டேட் ஆட்கள் எல்லாரும் வாருங்கள்.

போய் வா தங்கமணி. பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள்...

செல்வி, இது உனக்கு. ஊடு பூட்டிக் கிடக்கிறது. தலைச்சோலையில் உன் அண்ணன் ஊட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போன் அடிக்கிறது, நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆனால் இங்கே உன் பேர் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது.

உன் மேல் யாருக்கும் கோபம் இல்லை. பிரபுவுக்கும் இல்லை. நீயும் அதைக் குடித்திருக்கிறாய், ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் வித்யா. தலைச்சோலையில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது செல்வியைக் கையோடு கூட்டி வாருங்கள்.

பேர் பக்கத்தில் நீ வைத்திருக்கிற போட்டோ போன பொங்கலுக்கு எடுத்தது. அதை வைத்துக் கண் மஞ்சளா இல்லையா என்று தெரியவில்லை. பவுடர் போடாமல், வாசல் வெளிச்சத்தில் நின்று, கண்ணை நன்றாகத் திறந்து புதுசாக ஒரு போட்டோ எடுத்து இப்போதே போடு சாமி. வித்யா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.