கொம்பியூட்டர் தெளிவாக்கிய முகம்

அப்பா கமராவுக்கு முகம் கொடுக்காத மனிதர். கல்யாண வீட்டில் வீடியோக்காரன் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் இவர் மெல்லக் குசினிப் பக்கம் நழுவிவிடுவார். "என்னை எடுத்து என்ன செய்யப்போறியள், பொம்பிளை மாப்பிளையை எடுங்கோ" என்பார். இருந்த இரண்டொரு படங்களும், ஷெல் விழுந்து வீடு எரிந்தபோது அவரோடு சேர்ந்து போய்விட்டன.

ஆண்டுத் திவசத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

மிஞ்சியிருந்தது உடுப்பிட்டியில் நடந்த மச்சாளின் கல்யாண வீடியோ மட்டும்தான். மூலக் கசெற் கனடாவுக்குப் போய்விட்டது. எங்களிடம் இருந்தது கொப்பியின் கொப்பி. மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேற்றர் வைத்திருந்த அயல் வீட்டில் போட்டுப் பார்த்தோம். வெற்றிலைத் தட்டத்தை யாருக்கோ நீட்டியபடி அப்பா ஒரு கணம் வந்தார். முகம் நகமளவு. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடின. அம்மா திரைக்குக் கிட்டப் போய், அவரிடமே சொல்வதுபோல், "கொஞ்சம் நில்லுங்கோவன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லண்டனில் கொம்பியூட்டர் படித்த பெரியப்பா மகன், கசெற்றைத் தனக்கு அனுப்பச் சொன்னார். வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒன்றில் இல்லாததை மற்றதிலிருந்து எடுத்து, எதிலுமே இல்லாததைப் பக்கத்தில் இருப்பதை வைத்துக் கணித்து நிரப்பலாமாம். கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அந்தப் பாதையில் ஒரு கசெற் போவதென்றால் சும்மாவா? வழி நெடுகச் சோதனை, கேள்வி.

திவசத்துக்கு முதல் நாள் படம் வந்து சேர்ந்தது. நான் அசந்துபோனேன். கண், மீசை, வெற்றிலைக் காவி படிந்த உதடு, எல்லாம் அப்படியே இருந்தன. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, அவர்தான். நெத்தி ஏன் வெறுமையாக் கிடக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். குளித்துவிட்டுக் கிணற்றடியால் வந்ததும் அப்பா மூன்று குறியாகப் பூசும் திருநீற்றைக் காணவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்த நெற்றியை நான் வெறுமையாகக் கண்டதில்லை. லண்டன் அண்ணையைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக் கோடுகளை எல்லாம் எடுத்துவிடு என்று கொம்பியூட்டருக்குச் சொல்லியிருக்கிறார். கசெற் தேய்ந்த கோடு எது, திருநீற்றுக் குறி எது என்று அதற்கு என்ன தெரியும்? எல்லாம் பழுதென்று அழித்து, பக்கத்துத் தோலின் நிறத்தால் நிரப்பிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சிரிக்கலாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அம்மா திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் படத்தின் கண்ணாடியில் பூசினார். சடங்கு முடியுமுன்னே அது காய்ந்து உதிர்ந்துவிட்டது. வந்தவர்கள் "என்ன வடிவான படம்!" என்றார்கள். அம்மா உதிர்ந்து கிடந்த திருநீற்றைத் துணியால் துடைத்தெடுத்தார்.

தொண்ணூற்றைந்தில் சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது நான் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றப் போனேன். அம்மா தடுத்தார்.

"விடு பிள்ளை. எனக்கு அவரின்ரை முகம் தெரியும்."

அம்மாவுக்குக் கடைசிவரை தெரிந்திருந்தது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இப்போது கண்ணை மூடி அப்பாவை நினைத்தால், வெறும் நெற்றியோடு அந்தப் படத்து முகம்தான் வருகிறது.