நான் சொன்ன படமும் அண்ணி பார்த்த படமும்

படத்தில் ஆள் நன்றாகப் பாடினால் போதும், மற்றக் குற்றங்களை எல்லாம் நான் மன்னித்துவிடுவேன். அந்தக் காலத்துப் படங்களில் ராஜாவுக்குத் தொந்தி இருக்கும். காற்றை மட்டும் உண்டு தவம் செய்கிற முனிவருக்கும் தொந்தி இருக்கும். கதாநாயகி சோகமாகச் சாய்ந்தால் அரண்மனைத் தூண் லேசாக ஆடும். அது சாயம் பூசிய துணி என்பது எங்களுக்கே தெரிந்தது. தேவர் வானத்திலிருந்து இறங்கும்போது இடுப்பில் கட்டிய கம்பி பளபளக்கும். அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டேதான் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதே ராஜா வாயைத் திறந்து ஒரு பாட்டை எடுத்தாரென்றால் குரல் உச்சிக்குப் போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். அப்போது தொந்தியாவது தூணாவது.

கெட்டவனாக நடித்தவர்களையும் எனக்குப் பிடிக்கும். நல்லவன் எப்போதும் யாருக்காவது காத்துக்கொண்டு நிற்பான். கெட்டவன்தான் எழுந்து நடப்பான், கதவைத் திறப்பான், கதையை நகர்த்துவான். சிரிப்புக்காரர்களைக் கண்டால் மட்டும் எனக்கு ஆகாது. பெண்டாட்டியிடம் அடி வாங்குவதும் அவளை அடிப்பதும் தவிர அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு அதிசயமாக இருந்தது முகம். நான் பிறந்து வளர்ந்தது சேலத்தில். அங்கேதான், கல்யாணத்துக்கு முன்னால், முதல் படம் பார்த்தேன். ஒரு முகம் திரை நிறைய வந்து நின்றது. எங்கள் வீடுகளில் ஒரு பெண் வேற்று ஆணின் முகத்தை நேராகப் பார்த்துவிட முடியாது. பார்த்தாலும் பட்டென்று குனிந்துகொள்ள வேண்டும். இங்கேயோ ஓர் ஆண் அழுகிறான், கோபப்படுகிறான், வெட்கப்படுகிறான். நான் பாட்டுக்கு உட்கார்ந்து வேண்டிய மட்டும் பார்க்கலாம், அவன் என்னைத் திருப்பிப் பார்க்க மாட்டான். இந்த ஒரு காரணத்துக்காகவே சினிமாவைக் கண்டுபிடித்தவனுக்கு நான் கடமைப்பட்டவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் என்னைப் பாப்பாரப்பட்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது அதுவும் சேலம் ஜில்லாதான். நிலபுலம் உள்ள குடும்பம். மாமனார் விடிந்தால் நிலத்துக்குப் போய்விடுவார். வீட்டை ஆண்டது மாமியார். என் வீட்டுக்காரருக்குச் சினிமாவில் பெரிய ஆசை கிடையாது, ஆனால் எனக்கு ஆசை என்று தெரிந்ததும் தர்மபுரியில் சினிமாக் கொட்டாய் போட்டால் வண்டி கட்டிக் கூட்டிப் போவார். படம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். முடிந்ததும், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் அவருடைய அக்காளும் இருந்தார்; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூப்பு. கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே புருஷன் காய்ச்சலில் போய், பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். வெள்ளைச் சேலை. விசேஷ வீடு கிடையாது, திருவிழா கிடையாது. நான் முதல் தடவை தர்மபுரிக்குக் கிளம்பியபோது, "அண்ணியும் வரட்டுமே" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"படம் பாக்குறது தப்புன்னு நான் சொல்லல" என்றார் மாமியார். "தாலி இருக்கறவ பாக்கட்டும்."

அண்ணி அப்போது முற்றத்தில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

அதனால் நான் பார்த்த படங்களை அண்ணிக்குச் சொல்ல ஆரம்பித்தேன். புளி தட்டிக் கொட்டை எடுக்கிற நாட்களில் பகல் முழுக்க வாய் சும்மாதானே இருக்கும். முதல் காட்சியிலிருந்து தொடங்குவேன். பாட்டு வரும் இடத்தில் எனக்குத் தெரிந்த அளவு பாடுவேன். மாமியார் தள்ளி உட்கார்ந்து, கேட்காதவர் போல வேலை செய்வார்.

அண்ணி அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னது ஒரு வியாபாரி பெண்டாட்டியின் கதை. புருஷன் கடல் கடந்து போகிறான். ஊரார் இவள் மேல் அபாண்டம் சொல்கிறார்கள். மாமனார் வீட்டில் துரத்திவிடுகிறார்கள். இவள் கல் ஏந்திரத்தில் மாவரைத்துப் பிழைக்கிறாள். கடைசியில் புருஷன் திரும்பி வந்து, உண்மை தெரிந்து, தேடி வந்து வாசலில் நிற்கிறான். அவள் ஓடிப்போய் அவன் காலில் விழுகிறாள். நான் அந்தப் படத்தைப் பார்த்து முந்தானை நனைய அழுதேன். என்னைப் பொறுத்தவரை அதைவிட உயர்ந்த படம் இல்லை.

"அவ எதுக்குக் கால்ல வுழறா?" என்று அண்ணி ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"புருஷன் வந்துட்டாரே அண்ணி."

"வந்தவன்தான வுழணும்?"

"படத்துல அப்படித்தாங்க எடுத்திருக்காங்க" என்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சேலத்தில் என் அம்மாவுக்கு உடம்பு மோசமாகிவிட்டதாகத் தகவல் வந்தது. அறுவடை சமயம்; என் வீட்டுக்காரர் அசைய முடியாது. துணைக்கு அண்ணியை அனுப்பினார் மாமியார். நாங்கள் போய்ச் சேர்ந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, கஷாயம் போட்டுக் கொடுத்ததில் அம்மா எழுந்து உட்காரும் நிலைக்கு வந்தார். ஊருக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் தம்பி, அந்த வியாபாரி பெண்டாட்டி படம் மறுபடி வந்திருப்பதாகச் சொன்னான். பகல் ஆட்டம் உண்டு.

அம்மா படுத்தபடியே சொன்னார்: "அவளையும் கூட்டிட்டுப் போ. இங்க அவள யாருக்குத் தெரியும்?"

அண்ணி என்னைப் பார்த்தார். "ஊர்ல எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என் மேல சொல்லுங்க" என்றேன்.

"உன் மேல எதுக்கு? எனக்கு வாய் இல்லியா?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

தியேட்டரில் பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. திரையில் அந்தப் பெண் வந்து நின்றதும் அண்ணி என் காதில், "ஏம் புள்ள, பச்சச் சேலன்னு சொன்னியே?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. திரையில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, எல்லாம் சாம்பல். ஆனால் நான் பார்த்தபோது அது பச்சைதான். இன்றைக்குக் கேட்டாலும் பச்சை என்றுதான் சொல்வேன்.

அதன் பிறகு நான் படத்தைப் பாதியும் அண்ணியைப் பாதியுமாகப் பார்த்தேன். அவர் அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி முகத்தைக் கூர்மையாக வைத்திருந்தார். சிரிப்புக்காரன் வந்தபோது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு ஆகாத சிரிப்புக்காரன் அவருக்குப் பிடித்துவிட்டான். வெளியே வந்து வெயிலில் நின்றதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரி, போலாம்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் பெரிய அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் ஓட்டுவார்கள். சமதரையில் ஒருவாறு போகும். தொப்பூர் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கி நடங்க, மேல போயி ஏறிக்கலாம்" என்றார் கண்டக்டர். பஸ் உறுமிக்கொண்டு முன்னே போக, மூட்டை முடிச்சோடு பின்னால் நடந்தோம். இருபக்கமும் குன்று, முள்மரம், நல்ல வெயில். பாதி மேட்டில் அண்ணி நின்றார்.

"நீ அத சொல்லவே இல்லியே புள்ள."

"எத அண்ணி?"

"கடைசில அவன் வாசல்ல வந்து நிக்கிறான். அவ ஓடிப் போயி வுழறான்னு சொன்ன. அவ ஓடலியே. அவனப் பாத்துட்டு, திரும்பி அந்த ஏந்திரத்தப் பாத்தாளே. மாவு அரச்சிட்டு இருந்த ஏந்திரம். அதப் பாத்துட்டுத்தான் போயி வுழுந்தா."

நான் யோசித்தேன். எனக்கு அப்படி ஒரு பார்வை ஞாபகமே இல்லை. நான் பார்த்த இரண்டு தடவையும் அந்த நேரத்தில் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"அவன் வராட்டியும் நான் இருந்திருப்பேன்னு பாக்குறா" என்றார் அண்ணி. "அப்படிப் பாத்துட்டு வுழுந்தா தப்பில்ல. அந்தப் பொம்பளைக்கு என்னா நடிப்பு! பேச்சில்ல, பாட்டில்ல. கண்ண மட்டும் திருப்புனா."

அவ்வளவு புகழ்ச்சியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மேடு முடியும் வரைக்கும் அதே பேச்சுத்தான். கதாநாயகன் முகம் மட்டும் அவருக்கு ஏமாற்றம். "நீ சொன்னப்ப இன்னும் நல்லா இருந்தான்" என்றார். மேலே நின்ற பஸ்ஸில் ஏறும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

ஊருக்கு வந்து சில நாள் கழித்து, மூன்று பேரும் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தோம். நான் வேறு ஏதோ படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்தி அழுதாள். அண்ணி குறுக்கே புகுந்தார்.

"அழுதா போதுமா? அந்த யாவாரி பொண்டாட்டி அழுதாளா? ஏந்திரத்த ஒரு பார்வ பாத்தா பாரு, இப்படி" என்று சொல்லி, கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் மெல்லத் திருப்பிக் காட்டினார்.

மாமியாரின் கை நின்றது. "நீ பாத்தியா?"

அண்ணி புளியைக் கீழே வைத்தார்.

"பாத்தேம்மா. சேலத்துல."

"யாரு கூட்டிட்டுப் போனது?"

"நானாத்தான் போனேன்."

நான் பேச வாயெடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். மாமியார் சுத்தியலை எடுத்து இரண்டு புளியைத் தட்டினார். பிறகு, முகத்தைத் தூக்காமலே, "இன்னொருக்கா காட்டு" என்றார்.

"என்னாம்மா?"

"அந்தப் பார்வதாண்டி. எப்படிப் பாத்தா?"

அண்ணி காட்டினார். மாமியார் மகளின் முகத்தைக் கண் எடுக்காமல் பார்த்தார். வெள்ளைச் சேலையும் பொட்டில்லாத நெற்றியுமாக எத்தனையோ வருஷம் கண் முன்னால் நடமாடிய முகத்தை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "ம்" என்றார். எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார்.

அடுத்த கோடையில் பாப்பாரப்பட்டியிலேயே, சந்தைக்குப் பக்கத்தில், கொட்டாய் போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு வைத்தால் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். முதல் ஆட்டத்தன்று நான் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன். மாமியார் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "அவளயும் வரச் சொல்லு" என்றார். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார், நம்பாத முகத்தோடு.

பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா இதுங்களயெல்லாமா கூட்டிட்டு வருவாங்க" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். எங்கள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

"எம் பொண்ணு எம் பக்கத்துல உக்காந்திருக்கா" என்றார் மாமியார், சுற்றியிருந்த எல்லாருக்கும் கேட்கிற குரலில். "உனக்கு எடம் பத்தலன்னா எழுந்து அந்தாண்ட போ."

அவள் போகவில்லை. படத்தில் ஒரு ராஜகுமாரி ஆண் வேஷம் போட்டுக் குதிரை ஏறிக் கத்தி சுழற்றினாள். குதிரை பாயும்போது அண்ணி முழங்காலில் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும், முன்னால் இருந்த அதே பெண் திரும்பி, "ஏங்க, அந்த மந்திரி கெட்டவனா நல்லவனா? எனக்கு வெளங்கல" என்று அண்ணியிடம் கேட்டாள். அண்ணி சொன்னார்.

அதிலிருந்து எங்களுக்குள் சண்டைதான். எனக்கு அழுகைப் படம் வேண்டும், நீளமான பாட்டு வேண்டும். அண்ணிக்குக் குதிரையும் கத்தியும் வேண்டும். "அழுவுறதுக்கு வூட்லயே எடம் இருக்குது, அங்க வேற போயி அழுவணுமா?" என்பார். நான் கொண்டாடிய பாட்டுக்காரரை, "ஆளு மூச்சு வாங்கறதுக்குள்ள எதிரி வந்து வெட்டிட்டுப் போயிருவான்" என்பார். நான் விடமாட்டேன். அந்தக் குரல் எப்பேர்ப்பட்ட குரல் என்று பாடிக் காட்டுவேன். மாமியார் நடுவில் நியாயம் சொல்வார். பெரும்பாலும் மகள் பக்கம்தான் சொல்வார்.

கோடை முடிவில் கொட்டாயைப் பிரித்துப் பென்னாகரத்துக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, பென்னாகரம் என்னா தூரம் வரும்?"

"ஏன்க்கா?"

"அந்தக் குதிரப் படத்தத்தான் அங்க மொதல்ல போடறாங்களாம்."

"அதான் இங்கயே பாத்தாச்சே!"

"ஆமா, பாத்தாச்சு. நீ எப்ப வண்டி பூட்டுவ, அதச் சொல்லு" என்றார் அண்ணி.