கிளேஸ் இல்லாத ரீல்

நாக்கின் நுனியை வைத்தால் சில்லென்று இழுத்துக்கொள்ளும். எடுக்கும்போது மெல்லிய தோல் உரிவதுபோல் ஒரு கூச்சம், பிறகு வாயெல்லாம் மண்வாசம். விருத்தாசலத்தில் சூளைகளுக்குப் பின்னால் குவிந்து கிடந்த உடைசல் மேட்டில் விளையாடி வளர்ந்த எங்களுக்குப் பீங்கானைச் சோதிக்க வேறு கருவி தேவைப்பட்டதில்லை. நாக்கில் ஒட்டினால் அது ஒருமுறை மட்டும் வெந்த "பிஸ்கட்டு". ஒட்டாமல் வழுக்கினால் "கிளேஸ்" என்னும் கண்ணாடிப் பூச்சுப் பூசி மறுபடியும் சுட்ட முழுச் சாமான். மின்கம்பங்களுக்கான பீங்கான்கள் செய்யும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்த என் அப்பா, "கிளேஸ் இல்லாதது தண்ணி குடிக்கும். தண்ணி குடிக்கிறது சாமானே இல்ல, மண்ணு" என்பார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. துணிக்கடைக்காரர் மகன் சலீம் பள்ளியில் என் பக்கத்தில் உட்காருவான். எந்தப் பரீட்சையிலும் நான் முதலில் வருவதால் என்னை "வாத்தி" என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஏற வேண்டும் என்று அவன் விரும்பவும் இல்லை. அவனுடைய அம்மாவின் ஊர் பரங்கிப்பேட்டை. தாய்மாமன் ஒரு சரக்குத் தோணியில் சரங்கு, அதாவது மாலுமிகளுக்குத் தலைவர். கோடை விடுமுறை முழுவதையும் அங்கே கழித்துவிட்டுக் கறுத்துப்போய்த் திரும்பும் சலீம், பாய், பாயைத் தாங்கும் பருமல், சுக்கான் என்று பேசிக்கொண்டே இருப்பான். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் "தாமான்" என்று பெயர் என்பதும், பலத்த காற்றில் அந்தக் கயிற்றை எதிலும் முடிச்சுப்போடக் கூடாது, கையில் பிடித்திருந்து காற்று மோதும்போதெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அவனிடமிருந்து நான் அறிந்தவை. "தாமானைக் கட்டிப்போடுறவனோட ஒரு மீன்புடிக்காரன்கூட படகு ஏற மாட்டான்" என்று அவன் மாமா சொல்வாராம்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் மாமா வருவதாக இருந்தது. "எனக்கு முன்னால ஒருதரம் தனியா பாய் ஓட்டிக் காட்டு, பாக்கலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். தேறினால் தோணி. தேறாவிட்டால் அத்தாவின் கடையில் ஆயுளுக்கும் துணி கிழிக்க வேண்டியதுதான். சலீம் சொன்ன வார்த்தையே அது. கடைக்குள் போனால் மூச்சு முட்டுகிறது என்றும் சொன்னான்.

அவனுடைய அக்காவைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மச்சானுக்கு வெலிங்டன் ஏரியின் மீன் குத்தகையில் பங்கு இருந்தது. கோல் ஊன்றித் தள்ளும் பழைய பலகைப் படகு ஒன்றும் இருந்தது. மார்கழியின் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப்போய் அதற்கு மூங்கிலில் பாய்மரம் நட்டோம். சீனாக்களிமண் வந்த சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் பாய் செய்தோம். எத்தனை முறை அலசினாலும் அதிலிருந்து வெள்ளை மாவு உதிர்ந்து எங்கள் தலையை நரைக்க வைத்தது. கவிழாமல் இருக்க அடியில் மணல் மூட்டைகளைப் போட்டோம். தாமானுக்கு ஒரு கப்பி மட்டும் குறைவு. "கப்பிக்கு எங்கடா போறது? உங்க அப்பா பட்டறையில ரீல் இருக்குதுல்ல, கம்பி சுத்துறது. நல்லா வழவழன்னு ஒண்ணு கொண்டா" என்றான் சலீம். நடுவில் பள்ளம் விழுந்த உருண்டையான பீங்கான் அது. படகின் ஓரத்தில் அதைப் பொருத்திக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி மிச்சத்தைக் கையில் பிடித்தால் பாயின் இழுப்பில் பாதியை ரீல் தாங்கும். விரலைத் தளர்த்தினால் கயிறு வழுக்கி ஓடிவிடும்.

நல்ல ரீல் ஒன்றைப் பட்டறை அலமாரியிலிருந்து அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்தேன். தேன் நிறத்தில் பளபளத்த அதை, படகில் பூட்டுவதற்கு முந்தின நாள் மாலை கிணற்றடியில் கழுவும்போது கைநழுவிப் போட்டு உடைத்தேன். இன்னொன்றை எடுக்கத் துணிவில்லை. சலீமிடம் உடைந்துவிட்டது என்று சொல்லவும் மனம் வரவில்லை; ஒரு ரீலைக்கூடப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாத வாத்தி என்று சிரிப்பானே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. உடைசல் மேட்டில் தேடி ஒரு "பிஸ்கட்டு" ரீலை எடுத்தேன். மெழுகுவத்தியை உருக்கித் தேய்த்தேன். எதிர்வீட்டு ரயில்வேக்காரர் ஷூவுக்குப் போடும் பழுப்பு பாலீஷைக் கேட்டு வாங்கி மேலே பூசித் துணியால் துடைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் அது அசலாகவே இருந்தது. சலீம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்லடா வாத்தி, ஒரு வேலைய உருப்படியா செஞ்சிருக்க" என்றான். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நான் கொடுத்ததாயிற்றே.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மாமா ஏரிக்கரையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏரி தளும்பிக் கிடந்தது. காலையிலிருந்து வாடைக்காற்று ஏறிக்கொண்டே வந்ததால் மச்சான் வேண்டாம் என்றார். "காத்து இல்லாதப்ப ஓட்டுறதுக்குப் பாய் எதுக்கு?" என்று மாமா சிரித்தார். சலீம் தாமானைப் பிடித்தான். மறுகையில் துடுப்பையே சுக்கானாக வைத்துக்கொண்டான். எனக்கு வேலை, உள்ளே அடிக்கும் தண்ணீரைத் தகர டப்பாவால் மொண்டு ஊற்றுவது. "காத்து வர்ற பக்கமா சாஞ்சி ஒக்காரு. படகு படுத்தா நீயும் கூட படுக்காத" என்றான்.

முதல் அரைமணி நேரம் அவன் ஓட்டியதைப்போல் ஒரு காரியத்தை யாரும் அத்தனை அழகாகச் செய்து நான் பிறகு பார்த்ததில்லை. காற்று மோதும்முன் தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு சிலிர்ப்பு ஓடிவரும். அதைப் பார்த்ததுமே அவன் விரல்கள் தளரும், கயிறு நழுவும், பாய் படபடத்துக் காற்றைக் கொட்டும், சாய்ந்த படகு நிமிரும், மறுபடி இழுத்துப் பிடிப்பான். ஆனால் ஒவ்வொரு முறையும் கயிறு கொஞ்சம் தயங்கித்தான் நழுவியது. மெழுகு தேய்ந்துகொண்டிருந்தது. நனைந்த நார்க்கயிற்றில் பழுப்புச் சாயம் ஏறுவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தண்ணீரை மொண்டேன்.

நடு ஏரியில் அந்தப் பெரிய காற்று வந்தது. சலீம் விரலை விட்டான். கயிறு ஓடவில்லை. ரீலின் சொரசொரப்பில் நார் பற்றிக்கொண்டு கட்டிப்போட்டதுபோல் நின்றது. "கயிறு வரலடா, ரீல்லேர்ந்து தூக்கு, தூக்குடா" என்று கத்தினான். ரீல் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என்ன ஆயிற்று என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அதனாலேயே என் கை எழவில்லை. அவன் துடுப்பை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். அதற்குள் பாய் தண்ணீரைத் தொட்டுவிட்டது.

பரிசல்காரர்கள் எங்களைத் தூக்கிக் கரைசேர்த்தார்கள். படகு மணல் மூட்டைகளோடு அடியில் போய்விட்டது. மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாமா படகைப் பற்றிப் பேசவில்லை.

"கடைசியா அடிச்ச காத்துக்குப் பாய் கொஞ்சம்கூட விட்டுக்குடுக்கல. நான் பாத்துகிட்டேதான இருந்தேன். தாமானக் கட்டிட்டியாடா?"

"கட்டல மாமா. அல்லா மேல சத்தியமா கட்டல. ரீல்ல கயிறு புடிச்சிகிச்சி."

"வழவழன்னு இருக்கிற பீங்கான்ல கயிறு எப்பிடிடா புடிக்கும்?" மாமா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதான கொண்டாந்தது. கிளேஸ் போட்டதுதான?"

சலீம் என்னைப் பார்த்தான். பயமில்லாமல் பார்த்தான், நான் அவன் பக்கத்துச் சாட்சி என்று நம்பிய பார்வை அது.

"ஆமாங்க" என்றேன்.

"கட்டினானா?"

"தெரியலைங்க. நான் தண்ணி மொண்டுகிட்டிருந்தேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கவுந்தது தப்பில்ல. எல்லாரும் கவுந்தவந்தான். கட்டிப்புட்டுக் கட்டலன்னு சொல்றான் பாரு, அவன நம்பி அஞ்சாறு உசுர ஏத்த முடியாது" என்றார். அன்று சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டார்.

சலீம் கடைக்குப் போனான். வைகாசியில் ஏரி வற்றியபோது மச்சான் ஆட்கள் சேற்றிலிருந்து படகைக் கிளப்பினார்கள். ஒரு நாள் மதியம் கடைக்குப் போன என்னைச் சலீம் உள்ளே கூப்பிட்டு, மடியிலிருந்து ரீலை எடுத்தான். மெழுகும் பாலீஷும் போய் வெளுத்திருந்தது. என் கண்ணைப் பார்த்தபடியே நாக்கை நீட்டி அதில் வைத்தான். எடுக்கும்போது கொஞ்சம் சிரமப்பட்டு எடுத்தான்.

"மாமாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன்.

"தோணி போயி ரெண்டு மாசம் ஆச்சுடா வாத்தி. வேற ஆளு ஏறிட்டான்" என்றான். ரீலை மேசைமேல் வைத்துவிட்டு, "டீ சொல்லவா?" என்றான்.

அப்போதும் நான் பரங்கிப்பேட்டைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கல்லூரிக்குப் போனேன், வேதியியல் படித்தேன், நுண்துளைப் பொருள்கள் நீரை உறிஞ்சும் விதம் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். சலீம் பத்து வருடம் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். கடலைத் தாண்டித்தான் போனான், விமானத்தில். திரும்பி வந்து மறுபடி அதே கடையில் உட்கார்ந்தான். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க மேசைமேல் அந்த ரீலை வைத்திருந்தான். நான் வேட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் அது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒரு நாளும் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் பேசாததை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அவனுடைய மாமா எப்போதோ இறந்துவிட்டார், தன் மருமகன் பொய்யன் என்ற நினைப்போடு. மச்சானும் இல்லை. அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம்; உடைசல் மேட்டைச் சமன்செய்து அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு சலீமும் போய்விட்டான். நாற்பதாம் நாள் கழிந்த பிறகு வரச்சொல்லி அவன் மகள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள். "அத்தா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க மாமா." வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "இல்லைங்க. அவனுக்குத் தெரியும்னு மட்டும் சொன்னாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஐம்பது வருடக் கைபட்டு வெளிப்புறம் வழவழப்பாகியிருந்தது. யாரிடமாவது கொடுத்தால் கிளேஸ் போட்டது என்றே சொல்வார்கள். நான் கயிறு ஓடிய பள்ளத்தில் நாக்கை வைத்தேன். ஒட்டியது.