மூன்று மணி என்று சொன்னவள்

அளவுநாடாவின் ஒரு முனையை முளைக்கம்பில் மாட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்தபடி நிலவெடிப்பைத் தாண்டினாள் நிஷாந்தினி. தோட்டத் தொழிலாளரின் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், தேயிலைச் சரிவின் அடியில், விரல் நுழையும் அகலத்துக்கு ஓடிய வெடிப்பு அது. கெம்பஸ் விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து முகம் கழுவும் முன்பே அதை அளந்துவிடுவாள்.

இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் சேர்த்துப் படிக்கிறாள். ஒரே கொப்பியில் முன்பக்கமிருந்து கணிதம், பின்பக்கமிருந்து பௌதிகம். நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும். கொழுந்துக் கூடையோடு அம்மா படியேறினால், பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காற்றில் விரலால் அம்புக்குறி போடுவாள். "ரெண்டையும் ஏம்மா கட்டிக்கிட்டு அழுவுற?" என்று லயத்துப் பெண்கள் கேட்டால், "கணக்கு எம்புட்டுன்னு சொல்லும், பௌதிகம் ஏன்னு சொல்லும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சு என்ன செய்யிறது?" என்பாள். பதினொரு வயதில், மீரியபெத்த மண்சரிவில் சித்தியைப் பறிகொடுத்தவள்.

நவம்பர் மழை ஐந்தாம் நாளும் விடவில்லை. தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் என் விடுதிக் கதவை அன்று காலை தட்டினாள்.

"டீச்சர், வெடிப்பு கூட்டல்ல ஏறல, பெருக்கல்ல ஏறுது. நேத்து ரெண்டு மடங்கு, இன்னைக்கு நாலு மடங்கு. பீலியில வர்ற மலை ஊத்துத் தண்ணியும் நின்னுருச்சு. எல்லாம் மண்ணுக்குள்ளதான் தங்குது."

காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்துக்கு ஓடினோம். வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்த தோட்ட உதவி முகாமையாளரான சின்னத்துரை, "இன்னும் ஒரு மண்சரிவு அறிவித்தலும் வரல்லயே" என்றார். அவள் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"என் கணக்குப்படி மூணு மணி வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள எறங்கிருங்க. தப்பாப் போனா சாயந்தரம் வந்து என்னைய ஏசுங்க."

பதினெட்டுக் குடும்பங்களும் பத்து மணிக்குள் பாடசாலைக்கு இறங்கின. அவளுடைய அப்பா கந்தப்பன் மட்டும் பாடசாலை வாசலில் அவளிடம் வந்து நின்றார். "மாட்ட அவுத்துட்டு வந்துர்றேன். மூணு மணிக்கு நேரம் கெடக்குல்ல?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சுருக்கா வாங்கப்பா."

பதினொன்று பத்துக்கு மலை இறங்கியது.

இடி என்றுதான் நினைத்தேன். பாடசாலை ஜன்னலால் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் நகர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு தகரக் கூரை, சாயாமல் சரியாமல், அப்படியே மிதந்து போனது. நிஷாந்தினி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரைமணி கழித்து இடுப்புவரை சேற்றோடு கந்தப்பன் வந்தார். "மாடு கயித்த அறுத்துக்கிட்டு அடுத்த மேட்டுக்கு ஓடுச்சு. ஏசிக்கிட்டே பின்னால ஓடுனேன். திரும்பிப் பாத்தா ஒண்ணையும் காணோம்."

உயிர் தந்த பிள்ளை என்று ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "நாலு மணி நேரம் பிசகிருச்சு டீச்சர். காஞ்ச மண்ணோட உராய்வ ஈர மண்ணுக்குப் போட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரமாகப் பாடசாலை மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். பரீட்சை நெருங்குகிறது, யாரோ கொடுத்த புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். நேற்று கந்தப்பன் தேநீர் வாங்க எழுந்தார். வாசித்துக்கொண்டிருந்தவள் தலை தூக்கவில்லை; இடது கை மட்டும் நீண்டு அவர் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.