பல் எடுத்த குழியில் கிடந்த கறுப்பு

உம்மா ஆஸ்பத்திரியில் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. "ஒண்டுமில்ல, பயப்படாதீங்க" என்று அங்கே சொன்னவர்களை நம்பியிருந்தோம். கல்முனையில் என் கடைவாய்ப் பல்லை வெட்டி எடுத்த டாக்டரும் அதையே சொன்னதால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இண்டைக்கு வாயக் கொப்பளிக்காதீங்க. நாளையில இருந்து இளஞ்சூட்டு உப்புத்தண்ணிய வாயில மெதுவா வெச்சு, வழிய விடுங்க" என்றார்.

இரத்த வாயோடு தொழுது உம்மாவுக்கு எப்படித் துஆக் கேட்பது? கண்ணாடியில் பார்த்தால் குழியில் கறுப்பாக ஏதோ கிடந்தது. இதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னாரோ என்று நினைத்தேன். அன்று மஃரிப் தொழுகைக்கு முகம், கை, கால் கழுவி வுழூச் செய்யும்போது, அது கழன்று வரும்வரை பலமாகக் கொப்பளித்துத் துப்பினேன்.

இரண்டு நாளில் காதுவரை குத்தியது. வாயும் நாறியது. உள்ளே எதையோ விட்டுவிட்டார்கள், நானும் உம்மாவைப் போல் போய்விடுவேன் என்று பயந்து, எனக்கு மூத்த ராத்தாவையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்கே போனேன்.

"வாய் நோகுது எண்டாய். வழி முழுக்க அத மூடல்லியே புள்ள" என்றாள் ராத்தா.

டாக்டர் பார்த்துவிட்டு, "குழியில இருந்த ரத்தக்கட்டி எங்க தங்கச்சி?" என்றார்.

"அந்த ஊத்தையா? துப்பிட்டன்."

"அது ஊத்தையில்ல. அதுதான் புண்ண மூடியிருந்த. இப்ப எலும்பு தெரியுது."

கழுவி மருந்து வைத்த பிறகுதான் வலி தணிந்தது. புண் ஆறும்வரை வுழூவிலும் தண்ணீரை வாயில் மெதுவாக வைத்து, தானாக வழிய விட்டேன். டாக்டர்மார் மேல் சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது "ஏன்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் வாயைத் திறந்து காட்டுகிறேன்.