மோட்டார் அறையில் உடை மாற்றிய மணப்பெண்

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய நான், ராஜபாளையம் மலையடிவாரத்தில் பாறையை உடைத்துக் கிணறு, மாந்தோப்பு, மோட்டார் அறை எல்லாம் தனி ஆளாக உண்டாக்கினேன்.

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க என் மகள் தோப்புக்கு வந்தாள். விடியலில் பனி இடுப்பளவுக்கு நின்றதால், பச்சைப் பட்டில் அவள் நடக்காமல் மிதந்து வருவதுபோல் இருந்தது. அடுத்த உடை மாற்ற அவளை மோட்டார் அறைக்கு அனுப்பினேன். மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் தானாக ஓடும் என்பதை அந்த அழகில் மறந்துபோனேன்.

மோட்டார் உறுமியது. ஓடிப்போய் வெளிச்சுவரில் இருந்த பியூசைப் பிடுங்கினேன். அவிழ்த்து வைத்த பட்டுச்சேலை பெல்ட்டில் சுற்றிக் கிடந்தது.

“செத்த முந்தி கரண்டு வந்திருந்தா சேலையோட நானும்ல சுத்தியிருப்பேன்ப்பா” என்றாள்.

இப்போது யார் படமெடுக்க வந்தாலும், உடை மாற்றி முடியும்வரை பியூஸ் என் சட்டைப்பையில்தான் இருக்கும். மகளின் கல்யாண ஆல்பத்தில் படமெடுத்தவர் பெயரும் அலங்காரம் செய்தவர் பெயரும் இருக்கின்றன. பியூசைப் பிடுங்கியவன் பெயரையும் போட வேண்டும்.