தோளுக்கு அளவான துப்பாக்கி

ஐலா கொர்பேலா மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டினாள். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள். முதல் வருஷம் லாரிக் கொட்டகையில் அவளுக்குக் கொடுத்தது கதவு சரியாக மூடாத பழைய லாரி. அவள் புகார் சொல்லவில்லை. கதவை மாட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் தன் பாதையை முடித்துவிட்டு வந்து காப்பி குடித்தாள். மறு வருஷம் புது லாரி அவளுக்கு வந்தது.

அவள் கணவன் கல்லே ஏரிக் கப்பலில் வேலை பார்த்தான். இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு மார்ச்சில் போனால் ஜனவரியில்தான் வீடு. அதனால் மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதியன்று அவன் ஊரில் இருந்ததே இல்லை. வீட்டுக்கு வேண்டிய மானை ஐலாதான் பின்வயலில் சுட்டுக்கொண்டு வருவாள். எங்கள் வேட்டைக் குடிலுக்கு வரச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டேன். "ஆறு ஆம்பளைங்க குறட்டைய ராத்திரி பூரா கேக்கணுமா? அதுக்கு லாரி எஞ்சினே தேவலை, ஆர்வோ" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் மகள் சில்விக்கு அந்தக் குடில்தான் வேண்டும். 1986இல் அவளுக்குப் பதினான்கு வயது முடிந்தது. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிற வயது. அவளுடைய தாத்தாவும் என் அப்பாவும் சேர்ந்து கட்டிய குடில் அது. பெண்கள் வரக்கூடாது என்று அங்கே விதி எதுவும் இல்லை. எந்தப் பெண்ணும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இருந்த விதி ஒன்றே ஒன்று. வேட்டைக்கு முந்தைய ஞாயிறு, நூறு கஜத்தில் மாட்டிய தகரத் தட்டில் ஒவ்வொருவரும் மூன்று குண்டும் படும்படி சுட வேண்டும். எந்தத் துப்பாக்கியால் தட்டை அடிக்கிறோமோ அதைத்தான் காட்டுக்கு எடுத்துப்போகலாம். அடிக்காதவன் குடிலில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சமைப்பான். தட்டை மாட்டுவதும் ஓட்டையைப் பார்த்துச் சொல்வதும் என் வேலை.

சில்விக்கு எந்தத் துப்பாக்கி என்பதில் கல்லேயின் அண்ணன் ரெய்னோவுக்குச் சந்தேகமே இல்லை. குடும்பத்தின் பெரிய துப்பாக்கி அவனிடம் இருந்தது. அவன் சொந்தத் துப்பாக்கியும் அதே தோட்டா போடுவதுதான்; கரடியையே கவிழ்க்கும் தோட்டா. கல்லேயும் துறைமுகத்திலிருந்து போனில் அதையே சொன்னான்: "அப்பா துப்பாக்கிய குடு. நாங்க அதுலதான் கத்துக்கிட்டோம்."

ஆகஸ்டில் ஒரு நாள் சரளைக் குழியில் சுட்டுப் பார்த்தார்கள். தட்டு மாட்ட நானும் போயிருந்தேன். சில்வி ஒல்லியான பெண். துப்பாக்கியைத் தோளில் ஊன்றும் பின்கட்டை அவள் கைக்கு நீளம். தோளில் சரியாக உட்காராமல் கைச்சந்தில் நழுவியது. ஐந்து சுட்டாள். இரண்டுதான் தட்டில்.

"வலிக்குதா?" என்றாள் ஐலா.

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

"பழகிரும்," என்றான் ரெய்னோ. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தோள்ல நீலம் பாயாம யாரும் வேட்டைக்காரன் ஆகல. ஆகலைன்னாத்தான் என்ன? குடில்ல பான்கேக் சுடவும் ஒரு ஆளு வேணுமில்ல?"

சில்வியின் காது சிவந்துவிட்டது.

ஐலா கவனித்தது தோளை அல்ல, சுடுமுன்பே மூடிக்கொண்ட கண்ணை. புதிதாக லாரி ஓட்ட வருகிறவர்களிடம் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பாலத்தின் இரும்பு விளிம்பில் லாரியின் பனி தள்ளும் முன்பலகை ஒரு தடவை மோதிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எந்தப் பாலம் வந்தாலும், இடிப்பதற்கு முன்பே அவர்கள் உடம்பு சுருங்கிவிடும். அவர்களுக்குத் தெரியாமல் அவள் பலகையைத் தூக்கிவிடுவாள். இடி இல்லை, ஆனாலும் ஆள் சுருங்கியிருப்பான். அப்போதுதான் அவனுக்கே தெரியும்.

ஐலா மகளின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெடித்து முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்றை உள்ளே போட்டுச் சில்வியிடம் திருப்பிக் கொடுத்தாள். "இன்னொண்ணு சுடு."

சில்வி விசையை அழுத்தினாள். டிக் என்று மட்டும் சத்தம். ஆனால் குழலின் நுனி ஒரு சாண் கீழே குத்தியது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

"குண்டே இல்லாம உதை வாங்கிட்டே," என்றாள் ஐலா. திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "உன் மேல தப்பு இல்ல. துப்பாக்கி மேல. வா, போவோம்."

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கியும் விற்கிற நகரத்து இரும்புக்கடைக்குப் போனார்கள். எனக்கும் ஆணி வாங்க வேண்டியிருந்ததால் அவர்கள் வண்டியிலேயே போனேன். வெயில் கொளுத்தியது. ஐலா பின்சீட்டிலிருந்து மகளின் தடித்த கம்பளிக் கோட்டை எடுத்தாள்.

"அம்மா, மானம் போகுது. ஆகஸ்ட் மாசம்மா!"

"நீ மான் சுடப்போறது ஆகஸ்ட்லயா? போடு."

கடைக்காரர் லெஸ்டர் வாயைப் பிளந்தார். "என்ன ஐலா, பொண்ணுக்குக் காய்ச்சலா?"

"கட்டை நீளம் பாக்கணும். சட்டையோட பாத்து வாங்கிட்டுப் போயி, கோட்டுப் போட்டதும் எட்டலைன்னு எத்தனை பேரு உங்ககிட்டத் திரும்பி வர்றான்?"

"நிறையப் பேரு," என்று லெஸ்டர் ஒத்துக்கொண்டார். உடனே பெரியதாக ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். "ஆனா வளர்ற பொண்ணு. கொஞ்சம் பெருசா வாங்கிட்டா ரெண்டு வருஷத்துல சரியாயிரும்."

"ரெண்டு வருஷம் கழிச்சுச் சரியாகுற பூட்ஸ வாங்கி இப்ப நடக்கச் சொல்லுவீங்களா?"

லெஸ்டர் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஐலாவின் சோதனை எளிது. சில்வி துப்பாக்கியைத் தோளில் வைத்து, சுவரில் மாட்டியிருந்த மான் தலையின் கண்ணைக் குறி பார்த்தபடி நிற்க வேண்டும். ஐலா அந்தப் பக்கம் திரும்பி லெஸ்டரிடம் அவர் மனைவியின் முழங்காலைப் பற்றி விசாரிப்பாள். முழங்கால் கதை முடியுமுன் குழல் நடுங்கத் தொடங்கினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். நான்கு துப்பாக்கிகள் மேசைக்குத் திரும்பின. கோட்டுக்குள் சில்விக்கு வேர்த்துக் கொட்டியது. லெஸ்டரின் கதையில் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, அவள் நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாவது சிறியது. கட்டை குட்டை, தோட்டா மெல்லியது, உதை பாதி. சில்வி தோளில் வைத்ததும் கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. முழங்கால் கதை முடிந்து, மாப்பிள்ளை கதையும் முடிந்தது. குழல் அசையவில்லை.

"இது மானை விழுத்தாட்டுமா?" என்று சில்வி கேட்டாள். "ரெய்னோ பெரியப்பா சிரிப்பாரே."

"நெஞ்சுல பட்டா விழும். பெரிய துப்பாக்கில வயித்துல சுட்டா ராத்திரி முழுக்க ரத்தம் பாத்துக்கிட்டு அலையணும்," என்றாள் ஐலா. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். உனக்குப் பிடிச்சிருக்கா? நீதான் சுமக்கப்போற."

சில்வி துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. அதுவே பதில்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் சரளைக் குழியில் வெடிச் சத்தம் கேட்டது. எப்போதாவது ஒரு தடவை, சொல்லாமல், வெற்றுக் கூடு. அக்டோபரில் டிக் என்றபோது குழல் கல்லில் செதுக்கியதுபோல நின்றது.

நவம்பர் ஒன்பதாம் தேதி எல்லோரும் குடிலில் கூடினோம். ரெய்னோ சில்வியின் துப்பாக்கியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல ஆட்டினான்.

"இது என்ன, கொசு அடிக்கவா?"

"பெரிய கொசுதான் பெரியப்பா. கொம்பு இருக்கும்," என்றாள் சில்வி.

எல்லோரும் சிரித்தோம். அவள் துணி சுற்றிய மரக்கட்டை மேல் கையை ஊன்றி, அவசரமில்லாமல் மூன்று சுட்டாள். நான் நடந்து போய்ப் பார்த்தேன். மூன்றும் தட்டில், இரண்டு ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. "மூணு!" என்று கத்தினேன். அவள் வேட்டைக்குப் போவது முடிவாகிவிட்டது.

அடுத்தது ரெய்னோ. மூன்று சுட்டான். ஒன்று பட்டது.

"காத்து," என்றான்.

காற்று இல்லை. பக்கத்தில் என் தம்பி ஆஸ்கரின் சுருட்டுப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சுடு," என்றேன். எங்கள் வழக்கத்தில் ஒரு மறுவாய்ப்பு உண்டு.

"குடு ரெய்னோ, நான் தோட்டா போட்டுத் தர்றேன்," என்றாள் ஐலா. மகளைக் கொண்டுவந்து விட வந்தவள் அவள். ரெய்னோ யோசிக்காமல் கொடுத்தான். வாங்கினான். குறி பார்த்தான். அழுத்தினான்.

டிக்.

நாற்பது வருஷம் வேட்டையாடிய மனிதனின் குழல் தரையைப் பார்த்துக் குனிந்தது. கண் மூடியிருந்தது. தோள் காதுவரை ஏறியிருந்தது.

ஆஸ்கர், "அப்ப போன வருஷம் குண்டுக்குக் குனிஞ்சு தப்பிச்சுருச்சுன்னு நீ சொன்ன மானு, உன்னைப் பாத்துத்தான் குனியக் கத்துக்கிச்சா?" என்றான். சிரிப்பில் குடிலின் ஜன்னல் அதிர்ந்தது. சில்வி மட்டும் சிரிக்கவில்லை. அந்த டிக் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு பெரியப்பா," என்றாள். அவன் ஆகஸ்டில் சொன்ன அதே வார்த்தை. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

ரெய்னோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அந்தக் கொசுத் துப்பாக்கிய ஒரு நிமிஷம் குடு, பாக்கலாம்."

கட்டை அவனுக்குக் குட்டை. முழங்கையைக் கோழிச் சிறகுபோல விரித்துக்கொண்டு சுட்டான். மூன்றும் தட்டில்.

இப்போது சிக்கல். தட்டை அடித்த துப்பாக்கியைத்தான் எடுத்துப்போகலாம். அது ஒன்று, ஆள் இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சில்வியைப் பார்த்தேன். துப்பாக்கி அவளுடையது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "காலைல நான். மத்தியானம் நீங்க. காலைல யாராவது பான்கேக் சுடணுமில்ல?"

பதினைந்தாம் தேதிக்கு முந்தைய ராத்திரி பனி கொட்டியது. பனி விழுந்தால் ஐலாவுக்கு மான் கிடையாது, லாரிதான். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே குடிலின் வாசல்வரை பாதையைச் சுத்தம் செய்துகொண்டு வந்து எஞ்சினை நிறுத்தினாள். எனக்கு முழங்கால் சரியில்லாததால் அன்று நான் குடிலில். சில்வி ஆஸ்கரோடு தேவதாரு மேட்டில். ரெய்னோ சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, லாரிச் சன்னல் வழியாக ஐலாவுக்குப் பான்கேக் தட்டை நீட்டினான்.

"ஒரு பக்கம் கருகியிருக்கு," என்றாள்.

"காத்து," என்றான்.

அப்போது மேட்டிலிருந்து ஒரு வெடி. சிறிய, சுருக்கமான சத்தம்.

மூவரும் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வெடி என்றால் இறைச்சி; இரண்டு என்றால் இருக்கலாம்; மூன்று என்றால் வெறுங்கை. ஐலா முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தாள். பனி கிளையிலிருந்து சரியும் ஓசை மட்டும் கேட்டது.

"ஒண்ணுதான்," என்றாள். மீதிப் பான்கேக்கை வாயில் போட்டுக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினாள். இன்னும் பதினோரு மைல் பாதை இருந்தது.

ரெய்னோ அடுப்பை அணைத்தான். ஏப்ரனைக் கழற்றாமலே, மான் இழுக்கும் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தான்.